குழாயில் இரண்டு நேரம் எழுதிய கைக்கு

ஊசியின் நோவை உரையாடலில் மறக்கடித்தவரே, துளியிலும் துல்லியம் தவறாதவரே, கடிகாரத்தைக் கைக்கு அணியாகவும் கடமைக்குக் கண்ணாகவும் கொண்டவரே, இந்த இரத்த ஆய்வுக்கூடத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி இன்று மாலை ஐந்து மணியோடு பணிநிறைவு பெறும் எங்கள் தலைமை நுட்புநரே, எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் "எத்தனை நிமிஷம் ஆச்சு?" என்று கேட்டுக் கேட்டே எங்களுக்கெல்லாம் 'நிமிஷம் அக்கா' ஆனவரே, உடன் உழைத்த பதினொருவரின் வணக்கம்.

இந்த மடலைப் பற்றிய ஒரு செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இது வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மேல்மாடிக் கூட்ட அறையில் வாசிக்கப்படும். எழுதப்படுவதோ வியாழக்கிழமை மாலை. இரண்டுக்கும் நடுவே, வெள்ளி பிற்பகல் மூன்று மணிக்கு, எங்கள் ஏழாண்டுக் கண்டுபிடிப்பு உண்மையா, வெறும் தோற்றமா என்ற விடை வரப்போகிறது. கேட்கும் உங்களுக்கு அது தெரிந்திருக்கும். எழுதும் எங்களுக்குத் தெரியாது. இருந்தும் இன்றே எழுதி, இன்றே கையெழுத்திட்டு, கண்ணாடிச் சட்டம் போடுபவரிடம் கொடுக்கப்போகிறோம். ஏன் இந்த அவசரம் என்பதைக் கடைசியில் சொல்கிறோம். காரணம் நீங்கள்தான்.

துளிக்குள் கோடி கண்டவரே,

விழாவுக்கு வந்திருக்கும் உங்கள் குடும்பத்தாருக்கு, நீங்கள் அன்றாடம் எதை எண்ணினீர்கள் என்று சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு. ஒருநாள் மாலை உங்கள் வீட்டுக்காரர் வாசலில் வண்டியோடு நின்றபடி எங்களிடம் கேட்டார்: "இவ அப்படி என்னதாங்க எண்றா? முப்பது வருஷமா எண்ணியும் முடியலையா?"

முடியாது, ஐயா. ஒரு சொட்டு இரத்தத்தில் ஏறத்தாழ ஒரு கோடித் தட்டணுக்கள் இருக்கின்றன. விரலை வெட்டிக்கொண்டால் முதலில் ஓடிவந்து ஓட்டையை அடைப்பவை அவைதான். ஒவ்வொன்றும் வாழ்வது எட்டு முதல் பத்து நாள். எலும்பு மஜ்ஜைக்குள் ஒரு பெரிய தாய் அணு இருக்கிறது. அது தன் உடலிலிருந்து நீண்ட கைகளை இரத்தக் குழாய்க்குள் நீட்டுகிறது. ஓடுகிற இரத்தம் அந்தக் கைகளைத் துண்டு துண்டாகக் கிள்ளிக்கொண்டு போகிறது. கிள்ளிய ஒவ்வொரு துண்டும் ஒரு தட்டணு.

கையால் கிள்ளிய மாவு எல்லாம் ஒரே அளவாகவா இருக்கும்? சில துண்டுகள் பெரியவை, சில சிறியவை. பொதுவாகப் பெரியவை துடிப்பானவை, உள்ளே சரக்கு அதிகம், சட்டென்று ஒட்டிக்கொள்பவை. ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டினால் உயிரைக் காக்கும். ஒட்டக் கூடாத இடத்தில் ஒட்டினால், இதயத்துக்குப் போகும் வழியையே அடைக்கும். அதனால்தான் தட்டணுவை எண்ணினால் மட்டும் போதாது, அளக்கவும் வேண்டும். உங்கள் மேசையில் இருக்கும் கருவி ஒவ்வொரு தட்டணுவையும் ஒரு நுண்ணிய துளை வழியே நுழையவிடுகிறது. நுழையும்போது துளையில் ஓடும் மின்சாரம் ஒரு கணம் தடைபடுகிறது. குண்டானவர் வாசலில் நுழைந்தால் வெளிச்சம் அதிகமாக மறைவதுபோல, பெரிய தட்டணு நுழைந்தால் தடை பெரிது. ஒரு லிட்டரைப் பத்துக் கோடிக் கோடிப் பங்காகப் பிரித்தால், அப்படி ஒன்பது பங்கு, பத்துப் பங்கு என்பதுதான் ஒரு தட்டணுவின் பருமன். அந்த ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவேதான் எங்கள் ஏழாண்டு வாழ்க்கை போனது.

இனிக் கொழுப்பு அமிலம். பெயரைக் கேட்டதும் இலையை மூடிவிட்டு எழுந்திருக்க வேண்டாம். தட்டணுவைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வு கொழுப்பு அமிலங்களைக் கொண்டு கட்டியது. ஆபத்து வந்து தட்டணு விழித்துக்கொண்டால், தன் சவ்விலிருந்தே ஒரு கொழுப்பு அமிலத்தை வெட்டியெடுத்து, மற்றத் தட்டணுக்களைக் கூப்பிடும் குரலாக அதை மாற்றிக்கொள்கிறது. தன் அடுப்பெரிக்கவும் சர்க்கரையோடு அதையே பயன்படுத்துகிறது. சுவரும் அதுவே, குரலும் அதுவே, விறகும் அதுவே. அப்படியானால், ஓர் உடல் கொழுப்பு அமிலங்களை எப்படிச் செலவழிக்கிறது என்பதற்கும் அந்த உடலின் தட்டணுக்கள் எவ்வளவு பெரியவை என்பதற்கும் தொடர்பு இருக்குமா? ஏழாண்டுகளுக்கு முன் எங்கள் ஆய்வுத் தலைவரான டாக்டர் கேட்ட கேள்வி இதுதான். கேட்டவர் அவர். இரத்தம் எடுத்தவர் நீங்கள்.

ஜோடி பிரியாத தட்டைச் சுமந்தவரே,

அறுநூற்றுப் பன்னிரண்டு தன்னார்வலர்கள். காலையில் வெறும் வயிற்றோடு வருவார்கள். ஒவ்வொருவரிடமும் இரண்டு குழாய் இரத்தம். ஊதா மூடிக் குழாய் உங்கள் எண்ணும் கருவிக்கு. பச்சை மூடிக் குழாய் குளிரிலேயே வைத்துச் சுழற்றித் தெளியவைத்து, கொழுப்பு அமிலங்களை அளக்கும் இன்னோர் ஆய்வுக்கூடத்துக்கு. அங்கே ஒன்பது வகைகளை அளந்து அனுப்புவார்கள்.

முதல் மாதத்திலேயே இரண்டு பேரின் குழாய்கள் இடம் மாறிவிட்டன. பதறிப்போன டாக்டர் ஒரு விதி போட்டார்: ஒருவரின் ஊதாவும் பச்சையும் பிரியவே கூடாது, இரண்டையும் ஒரே தட்டில் ஒரே குழியில் பக்கத்துப் பக்கமாக வைக்க வேண்டும், பன்னிரண்டு ஜோடி நிறைந்த பிறகுதான் தட்டு இரத்தம் எடுக்கும் அறையிலிருந்து கருவி அறைக்குப் போக வேண்டும். பச்சைக் குழாய்களைக் கவனிக்கும் எங்கள் நுட்புநர், சதா பனிக்கட்டியும் கையுமாக இருப்பதால் 'ஐஸ்' என்று பெயர் பெற்றவர், அந்தத் தட்டுக்குக் கல்யாணத் தட்டு என்று பெயர் வைத்தார். காலை ஒன்பது மணிக்கு நடைவழியில் அவர் குரல் கேட்கும்: "பன்னெண்டு ஜோடியும் சேந்தாச்சு. ஊர்வலம் கிளம்பலாமா?"

அதன்பின் ஒரு குழாய்கூட மாறவில்லை. விதி நல்ல விதி என்றே நாங்கள் நம்பினோம். பயத்தில் பிறந்த விதிகளில் உள்ள வம்பு இதுதான்: எந்தப் பயத்துக்காகப் போட்டோமோ அந்தப் பக்கத்துக் கதவை நன்றாகப் பூட்டிவிடும், மறுபக்கத்துக் கதவு திறந்திருப்பதை யாரும் பார்க்க மாட்டார்கள்.

நீங்கள் மட்டும் ஒவ்வொரு குழாயின் சீட்டிலும் பென்சிலால் இரண்டு நேரம் எழுதினீர்கள். மேலே இரத்தம் எடுத்த நேரம், கீழே எண்ணிய நேரம். கணினிப் படிவத்திலோ நேரத்துக்கு ஒரே கட்டம். அதை அமைத்தவர் எங்கள் புள்ளியியல்காரர். 'புள்ளி' என்றால்தான் இங்கே எல்லோருக்கும் தெரியும்.

"ரெண்டு நேரம் எதுக்குக்கா? கருவி ரூமுக்கு வந்து சேந்த நேரம் ஒண்ணு போதும். உங்களுக்கும் டைப் அடிக்கிற வேலை மிச்சம்" என்றார் அவர்.

"எனக்கு வேலை மிச்சம் பண்றேன்னு வர்றவங்களைப் பாத்தாத்தான் எனக்குப் பயமே" என்றீர்கள் நீங்கள். படிவத்தை மாற்றச் சொல்லிச் சண்டை போடவில்லை. குழாயில் எழுதுவதையும் நிறுத்தவில்லை. எண்ணி முடித்த குழாய்களை எட்டாம் நாள் அழித்துவிட வேண்டும் என்பது கூடத்தின் ஒழுங்கு. அப்படி ஏழாண்டுக் காலத்தின் நேரம் முழுவதும், உங்கள் பென்சில் எழுத்தோடு, மஞ்சள் பைகளில் கட்டுண்டு எரியுலைக்குப் போனது. எழுதியவர் நீங்கள் ஒருவர்; எரித்தவர்கள் நாங்கள் எல்லோரும்.

விடை மட்டும் அழகாக வந்தது. தட்டணு பெரிதாக இருந்தவர்களுக்குக் கொழுப்பு அமிலங்கள் அதிகம். ஒன்பது வகையும் அதிகம். புள்ளி வரைந்த கோடு ஏணி சாத்தியதுபோல் ஏறியது. கட்டுரை எழுதப்பட்டது, இதழும் ஏற்றுக்கொண்டது. அதில் எட்டாவது பெயர் உங்களுடையது. முப்பத்து நான்கு ஆண்டுகளில் எத்தனையோ கட்டுரைகளுக்கு நீங்கள் இரத்தம் எடுத்திருக்கிறீர்கள். பெயர் அச்சேறப்போவது இதுவே முதல் முறை. அச்சுப்படி வந்த அன்று, அந்த ஒரு பக்கத்தை மடங்காமல் இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனீர்கள். நாங்கள் பார்த்தோம்.

சிரிக்க வேண்டிய இடத்தில் சிந்தித்தவரே,

தன்னார்வலர்களில் ஒருவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். பிள்ளைகளை ஏற்றப் போகும் முன் வந்துவிட வேண்டும் என்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும்போதெல்லாம் ஏழு மணிக்கே முதல் ஆளாக வந்து உட்காருவார். எங்கள் பட்டியலிலேயே மிகப் பெரிய தட்டணு அவருடையது. கொழுப்பு அமிலமும் உச்சம். டாக்டர் தம் உரைகளில் அவருடைய எண்களைத்தான் காட்டுவார். நாங்கள் 'யானை' என்று செல்லப்பெயரே வைத்திருந்தோம்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு காலை, யானை ஏழு மணிக்கு வரவில்லை. வழியில் டயர் வெடித்து, மாற்றிக்கொண்டு, கடைசி ஆளாக வந்தார். அவர் குழாய்கள் தட்டின் பன்னிரண்டாம் குழியில் அமர்ந்தன. உடனே ஊர்வலம் கிளம்பியது. வழக்கமாகப் பத்தரை காட்டும் அவர் தட்டணு அன்று ஒன்பது காட்டியது.

"பரவால்லையே, மனுஷன் வாயைக் கட்டிட்டார் போல" என்றார் டாக்டர்.

நீங்கள் எழுந்துபோய்க் காத்திருக்கும் பெஞ்சில் அவரிடம் கேட்டீர்கள்: "சாப்பாட்டுல எதாவது மாத்தினீங்களா சார்?"

"டயரைத்தான் மேடம் மாத்தினேன். வயிறு பழைய வயிறுதான்."

நாங்கள் சிரித்தோம். ஐஸ் அதை நடைவழி முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நீங்கள் மட்டும் சிரிக்காமல் திரும்பிவந்து, காலியாகிவிட்ட கல்யாணத் தட்டின் முதல் குழியையும் பன்னிரண்டாம் குழியையும் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

மறுநாள் உங்கள் கையை நீட்டி, ஐஸை உங்கள் இரத்தத்தையே எடுக்கச் சொன்னீர்கள். நான்கு ஊதா, நான்கு பச்சை. அதே தட்டு, அதே மேசை. ஐந்தாம் நிமிடத்தில் ஒரு ஊதாவை எண்ணினீர்கள்: எட்டு புள்ளி எட்டு. அரை மணியில் அடுத்தது: ஒன்பது புள்ளி மூன்று. ஒரு மணியில் ஒன்பது புள்ளி ஏழு. ஒன்றரை மணியில் பத்து புள்ளி ஒன்று. ஆள் அதே ஆள், கை அதே கை. வளர்ந்தது நேரம் மட்டுமே.

ஊதாக் குழாய்க்குள் இரத்தம் உறையாமல் இருக்க ஓர் உப்பு இருக்கிறது. உறைவதை அது தடுக்கும். ஆனால் தட்டையாக இருக்கும் தட்டணுவை மெல்ல மெல்ல உருண்டையாக்கி வீங்கவைக்கும். இது எங்கள் தொழிலில் எல்லோரும் பாடத்தில் படித்தது. தெரிந்ததை மறப்பதற்கும் ஒரு தொழில்திறமை வேண்டும்போல. எங்களுக்கு அது இருந்தது. பச்சைக் குழாயின் விடை நான்காம் நாள் வந்தது. அதிலும் ஏற்றம். தட்டின் அடியில் பனிக்கட்டி இருந்தாலும் அரை மணியில் அது வெறும் தண்ணீர். இரத்தத்தில் இருக்கும் கொழுப்பை உடைக்கும் நொதிகளுக்குத் தாங்கள் உடலைவிட்டு வெளியே வந்துவிட்டது தெரியாது. அவை பாட்டுக்கு உடைத்துக்கொண்டே இருக்கும்.

வந்திருக்கும் உறவினர்களுக்கு ஓர் உதாரணம். பேருந்து நிறுத்தத்தில் இரண்டு பேர் மழையில் நிற்கிறார்கள். ஒருவருக்கு ஒருவர் யாரென்றே தெரியாது. ஐந்து நிமிடம் நின்றால் இருவரும் கொஞ்சம் நனைவார்கள். ஒரு மணி நேரம் நின்றால் இருவரும் தொப்பலாக நனைவார்கள். தூரத்திலிருந்து பார்க்கும் ஒருவர், "இவர் நனையும்போதெல்லாம் அவரும் நனைகிறார், கட்டாயம் அண்ணன் தம்பிதான்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அதைத்தான் நாங்கள் கட்டுரையாக எழுதியிருந்தோமோ என்பதுதான் நீங்கள் எழுப்பிய ஐயம். முதல் குழியில் காத்திருந்த ஜோடி இரண்டுமே வீங்கியிருக்கலாம். பன்னிரண்டாம் குழி ஜோடி இரண்டுமே வீங்காமல் இருந்திருக்கலாம். ஜோடியைப் பிரிக்காத விதியே அந்தப் பொய் உறவைப் பார்த்துப் பார்த்துக் கட்டிவைத்திருக்கலாம்.

'கலாம்' என்றுதான் சொன்னீர்கள். ஒருபோதும் 'இருக்கிறது' என்று சொல்லவில்லை. அதுவும் உங்கள் துல்லியம்தான்.

தன் பெயர் மேல் தானே கோடிடத் துணிந்தவரே,

அடுத்த கூட்டத்தில் அதை எல்லோர் முன்னிலையிலும் சொன்னீர்கள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடியும் துடைத்தார்.

"இன்னும் மூணு மாசத்துல ரிட்டயர் ஆகப்போறீங்க. இப்பப் போய் இதைச் சொல்றீங்களே" என்றார்.

"அதனாலதான் சார் இப்பவே சொல்றேன். அப்புறம்னா போன் பண்ணித்தான் சொல்லணும்."

அன்று யாரும் சிரிக்கவில்லை. கட்டுரையை நிறுத்திவைக்கும்படி டாக்டர் இதழுக்கு எழுதினார். அதோடு எட்டாவது பெயரும் நின்றது. ஆய்வுக்கான நிதியுதவியை நீட்டிப்பதா என்று முடிவுசெய்யும் குழு வரும் திங்கட்கிழமை கூடுகிறது. எங்களில் மூவரின் வேலை அந்த முடிவில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஐஸ் அவர்களில் ஒருவர்.

இனிச் சொல்வதைப் பாராட்டு மடலில் யாரும் எழுத மாட்டார்கள். நாங்கள் எழுதுகிறோம். உங்கள் மேல் எங்களுக்குக் கோபம் வந்தது. நடைவழியில் எங்களில் ஒருவர், "போறவங்களுக்கு என்ன, போயிடுவாங்க. நாமல்ல மாட்டிக்கிட்டு முழிக்கணும்" என்று சொன்னது, தட்டோடு பின்னால் வந்த உங்கள் காதில் விழுந்தது. நீங்கள் நின்று, தட்டைக் கொஞ்சம் உயர்த்தி, "இது எடுத்து எத்தனை நிமிஷம் ஆச்சு?" என்று மட்டும் கேட்டீர்கள். சொன்னவர் வேகமாக விலகிப் போய்விட்டார். இரண்டு வாரம் மதியச் சாப்பாட்டு மேசையில் உங்கள் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. நீங்கள் அதில் பையை வைத்துக்கொண்டு, இடம் பிடித்து வைத்திருப்பவர்போல் சாப்பிட்டீர்கள். சொன்னவரின் கையெழுத்தும் இந்த மடலின் கீழே இருக்கிறது.

நாற்பத்தோரடி நடைவழியை எண்பத்து நான்கு முறை கடந்தவரே,

பழைய நேரங்கள் எரிந்துபோனதால் பழைய எண்களைத் திருத்த வழியில்லை. புதிதாக எடுக்க வேண்டும் என்றீர்கள். பழைய தன்னார்வலர்களில் நாற்பத்திரண்டு பேரைத் தொலைபேசியில் நீங்களே கூப்பிட்டீர்கள். கல்யாணத் தட்டு பரணில் ஏறியது. ஒவ்வொருவரின் குழாய்களும் எடுத்த மறு நொடியே தனித்தனியாகக் கிளம்பின: பச்சை, ஐஸின் கையிலிருந்த நொறுக்கிய பனிக்கட்டிக்குள்; ஊதா, உங்கள் உள்ளங்கைக்குள். இரத்தம் எடுக்கும் அறைக்கும் கருவி அறைக்கும் நடுவே நாற்பத்தோரடி. ஐம்பத்தெட்டு வயதில் அதை நீங்கள் ஓடாமலும் நடக்காமலும் ஒரு தினுசாகக் கடந்தீர்கள். எல்லா ஊதாக் குழாய்களும் ஐந்தாவது நிமிடத்தில் எண்ணப்பட்டன. படிவத்தில் நேரத்துக்கு இரண்டு கட்டம் வந்தது, போட்டவர் புள்ளி. யானையும் வந்தார், வழக்கம்போல் முதல் ஆளாக. அவருடைய தட்டணு ஒன்பது புள்ளி ஒன்று. அதைப் பார்த்த டாக்டர் ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

ஒருவரின் எண் இறங்கியதால் உறவே இல்லை என்றாகிவிடாது. நாற்பத்திரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். அந்தக் கணக்கைப் பற்றிப் புள்ளி உங்களிடம் மெல்லக் கேட்டார்: "ஒரு தடவை ஓட்டிப் பாப்போம்க்கா. சரியா வரலைன்னா வேற மாதிரிப் பிரிச்சு..."

"வரலைன்னா வரலை. பிடிச்ச பதில் வர்ற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தா அது கேள்வி இல்லப்பா, கெஞ்சல்."

அவர் அன்றே ஒரு தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்: எந்த அளவுக்கு மேல் இருந்தால் உறவு உண்டு, அதற்குக் கீழே என்றால் இல்லை, கணக்கு ஒரே ஒரு முறைதான். விடை தெரியும் முன்பே அளவுகோலை எழுதி மாட்டிவிட்டோம். பிறகு அதை யாரும் வளைக்க முடியாது. கீழே டாக்டரின் கையெழுத்து.

கடைசிப் பனிப்பெட்டி செவ்வாய்க்கிழமை அந்த ஆய்வுக்கூடத்துக்குப் போனது. எண்கள் வெள்ளி நண்பகலில் வரும். மூன்று மணிக்குப் புள்ளி கணக்கை ஓட்டுவார். இந்த இரண்டு நாளாக இங்கே யாருக்கும் டீ இறங்கவில்லை. ஐஸ், வெறும் பெட்டிகளைத் திறந்து திறந்து மூடுகிறார். டாக்டர் கண்ணாடியைத் துடைத்தே தேய்த்துவிடுவார் போலிருக்கிறது. ஏதாவது ஓர் இயந்திரம் கூவினால் பதினொரு தலைகளும் திரும்புகின்றன.

கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டவரே,

செவ்வாயன்று பெட்டியை அனுப்பிவிட்டுக் கை கழுவும்போது, நீங்கள் ஐஸிடம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டீர்கள்: "ஒண்ணுமே இல்லைன்னு வந்துருச்சுன்னா, வெள்ளிக்கிழமை எனக்குக் கை தட்டுவீங்களா?"

ஐஸ், பனிக்கட்டி எடுத்துவரப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பனிக்கட்டிக்கு அப்போது ஒரு வேலையும் இருக்கவில்லை. நேற்றுத்தான் அதை எங்களிடம் சொன்னார். சொல்லும்போது அழுதார்.

அதனால்தான் அக்கா, இந்த அவசரம். விடை வந்த பிறகு தட்டும் கை, விடையைத்தான் பாராட்டும். நல்ல விடை வந்தால் எங்கள் கைதட்டலை நீங்கள் நம்ப மாட்டீர்கள். கெட்ட விடை வந்தால் அதை இரக்கம் என்பீர்கள். உங்களை எங்களுக்குத் தெரியும். ஆகவே அறிவிப்புப் பலகைத் தாளுக்கு நீங்கள் சொன்ன அதே முறையை இந்த மடலுக்கும் கையாளுகிறோம். விடை தெரியும் முன்பே எழுதுகிறோம்: உறவு உண்டென்றாலும் கை தட்டுவோம்; இல்லையென்றாலும் தட்டுவோம்; ஒரே அளவு தட்டுவோம். கூடக் குறைய இருந்தால் எழுந்து நின்று கேட்கலாம்.

எங்கள் தட்டு பன்னிரண்டு குழிகளையும் நிரப்பக் காத்திருந்தபோது, காத்திருத்தலும் ஓர் அளவு என்று அறிந்தவர் நீங்கள் ஒருவர்தான். ஏழாண்டுகள் தவறாகச் சொல்லியிருந்தால் எத்தனை மருத்துவர்கள் எங்களை நம்பி, எத்தனை நோயாளிகளுக்கு எதையெல்லாம் கொடுத்திருப்பார்களோ. அந்த முகம் தெரியாதவர்களை நினைத்து உங்கள் பெயர் இருந்த பக்கத்தையே விட்டுக்கொடுத்தீர்கள். காலியாக இருந்த நாற்காலிக்காக எங்களை மன்னியுங்கள்.

இனி வாழ்த்து. உங்கள் வீட்டுக்காரர் சொல்வார்: "வாசல்ல நான் மூணு நிமிஷம் லேட்டா வந்தா, என்னையும் எண்ணாமத் தூக்கிப் போட்ருவா." ஐயா, நாளை முதல் அக்காவுக்கு நேரம் நிறைய இருக்கும், ஜாக்கிரதை. அக்கா, உங்கள் எலும்பு மஜ்ஜை நாள்தோறும் பத்தாயிரம் கோடிப் புதிய தட்டணுக்களைக் கிள்ளித் தரட்டும். அவை ஒட்ட வேண்டிய இடத்தில் மட்டும் ஒட்டட்டும். சுவருக்கும் குரலுக்கும் விறகுக்கும் கொழுப்பு அமிலம் குறையாமல் இருக்கட்டும். ஆறிப்போகாத டீயைக் கடிகாரம் பார்க்காமல் குடிக்கும் காலைகள் ஆயிரமாயிரமாக வரட்டும்.

என்றும் உங்கள் நிமிடக் கணக்குக்குக் கட்டுப்பட்ட,
இரத்த ஆய்வுக்கூடப் பணியாளர் பதினொருவர்

எழுதி முடித்த நேரம்: வியாழன் மாலை 5.40

*

(சட்டத்தின் கண்ணாடிக்கு மேல் ஒட்டிய துண்டுத் தாளில், கையெழுத்தில்)

வெள்ளி பிற்பகல் 3.25. புள்ளி கணக்கை ஒரு முறை ஓட்டினார். ஒன்பதில் ஆறு போய்விட்டன. அவை மழையில் நனைந்தவை மட்டுமே. மூன்று வகைக் கொழுப்பு அமிலங்களுக்கும் தட்டணுவின் பருமனுக்கும் உறவு நிற்கிறது. ஏணி போல் ஏறவில்லை. வாசல்படி அளவுக்கு ஏறுகிறது. பலகையில் எழுதிய கோட்டுக்கு மேலேதான் இருக்கிறது, மயிரிழை அளவு. நாற்பத்திரண்டு பேரை வைத்து இதற்கு மேல் எதுவும் சொல்லக் கூடாது என்றார் புள்ளி. திங்கட்கிழமைக் குழு என்ன சொல்லுமோ, தெரியாது. டாக்டர் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, "மூணுல ரெண்டு பங்கு போச்சு. மிச்சம் இருக்கறது நம்மளோடது" என்றார். கட்டுரையைப் புதிதாக எழுதப்போகிறார். முதல் பத்தி நேரத்தைப் பற்றி, அதை எழுத வேண்டியவர் நீங்கள் என்கிறார். ஐஸ் உங்கள் பக்கத்து நாற்காலியில் இப்போதே போய் உட்கார்ந்துவிட்டார்.

கீழே ஒரு கட்டம் காலியாக விட்டிருக்கிறோம். பென்சில் மேசையில் இருக்கிறது. வேறு யார் எழுதினாலும் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

வாசித்து, கை தட்டி முடித்த நேரம்: ____________